வாசிக்க முடியாத சுவர்

துபாயில் வேலை செய்துகொண்டிருந்த என் மச்சான் 2008ஆம் ஆண்டு விடுமுறையில் ஊர் வந்தபோது, வழக்கமான பால்மா, சவர்க்காரம், போர்வை இவற்றுக்கிடையே தடித்த புத்தகமொன்றையும் கொண்டு வந்திருந்தார். ஏல விற்பனையொன்றுக்காக அச்சிடப்பட்ட விபரக்கொத்து அது. வேலை செய்த இடத்தில் யாரோ வீசவிருந்ததை, "உனக்குத்தானே படம் கிடம் எல்லாம் விருப்பம்" என்று எனக்காக எடுத்து வைத்திருக்கிறார். அதைப் புரட்டிக்கொண்டு போனபோது ஒரு படத்தில் என் கை நின்றுவிட்டது.

வெண்கலத்தாலான ஒரு பலகை. பலகை என்பதைவிடச் சுவர் என்பதே பொருத்தம். ஏறத்தாழ ஆளுயரம். அதன் மேற்பரப்பு முழுவதும், விரல் வைக்கவும் இடமில்லாமல், புடைத்தெழுந்த சிறு சிறு குறிகள். தூரத்தில் வைத்துப் பார்த்தால் வரிவரியாக ஏதோ எழுதப்பட்டிருப்பது போலத் தோன்றியது. பழக்கதோஷத்தால் வலமிருந்து இடமாக வாசிக்க முயன்றேன், ஓரெழுத்தும் பிடிபடவில்லை. இடமிருந்து வலமாகப் பார்த்தேன், அதுவும் சரிவரவில்லை. நாற்பது வருடம் குர்ஆன் மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த என் பெரியவாப்பா அப்போது முற்றத்தில் இருந்தார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது அறபுமில்ல, அறபுத்தமிழுமில்ல மகன். என்னதான் எழுதிக் கிடக்கு?"

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஆங்கிலக் குறிப்பைக் கூட்டி வாசித்தபோது பெயர் மட்டும் விளங்கியது: 'சுவர் - ஓ பெர்சிபோலிஸ்', 1975, சிற்பி பர்வீஸ் தனாவுலி, ஈரான். அது 2008 ஏப்ரல் 30ஆம் திகதி துபாயில் கிறிஸ்டீஸ் நிறுவனத்தின் ஏலத்தில் 2,841,000 அமெரிக்க டொலருக்கு விற்பனையானது என்பதையும், மத்திய கிழக்கைச் சேர்ந்த ஒரு கலைஞனின் படைப்பு ஏலமொன்றில் அதுவரை பெற்றிராத விலை அது என்பதையும் பின்னர் அறிந்தேன். விலையைக் கேட்ட மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார். பெரியவாப்பாவுக்கு விலை பொருட்டாகப் படவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் அவரது கவலை.

அந்தச் சிற்பியைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் நான் தேடி வாசிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். சிற்பம் என்ற சொல்லை எடுத்தாலே பேச்சு முடிந்துவிடுகின்ற ஒரு சமூகச் சூழலில் இருப்பவன் நான். கவிதை எழுதலாம், கதை எழுதலாம், ஓவியத்தில் பூவும் மரமும் வரையலாம்; சிற்பம் என்றால் சிலை, சிலை என்றால் வணக்கம், அத்தோடு கதவு சாத்தப்படும். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை, அதற்கு நான் வரவுமில்லை. ஆனால் இதே கதவுக்கு முன்னால் நின்ற ஒரு முஸ்லிம் சமூகத்துச் சிற்பி அதை எவ்வாறு திறந்தான், அல்லது திறக்காமலே எப்படி வேலை செய்தான் என்பது வரலாற்றுக் கேள்வி. அதை நாம் கேட்கலாம்.

ஈரானில் புடைப்புச் சிற்பம் புதிதல்ல. கிர்மான்ஷாவுக்கு அண்மையிலுள்ள பிஸுதூன் மலையில் முதலாம் தாரியூஸ், தனக்கெதிராகக் கிளர்ந்த ஒன்பது பேரைக் கைகட்டி வரிசையில் நிறுத்திய காட்சியைக் கி.மு. 520ஐ அண்டிய காலத்தில் பாறையில் செதுக்குவித்தான். சுற்றிலும் பழைய பாரசீகம், ஏலாமியம், பாபிலோனியம் என மூன்று மொழிகளில் ஆப்பெழுத்தில் அவனது வெற்றிப் பிரகடனம். பெர்சிபோலிஸ் அரண்மனைப் படிக்கட்டுகளின் ஓரத்தில் பல தேசத்தாரும் காணிக்கை சுமந்து வரும் ஊர்வலம் கல்லில் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. கி.மு. 330இல் அலெக்சாந்தரின் படை அந்த நகருக்குத் தீ வைத்தது. ஸாஸானிய மன்னர்களும் பாறைகளில் தம்மைச் செதுக்கினார்கள். இஸ்லாம் வந்து பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டில், கஜார் மன்னர் பத்ஹ் அலி ஷா டெஹ்ரானுக்கு அருகே ரெய் நகரில் தன் தர்பாரைப் பாறையில் செதுக்கச் செய்தார் என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம். இருபதாம் நூற்றாண்டில் பஹ்லவி மன்னர்கள் நாற்சந்திகளில் தமக்குச் சிலை எழுப்பினார்கள். ஆக, கல்லும் சிலையும் எக்காலத்திலும் அரண்மனையின் சொத்தாகவே இருந்து வந்திருக்கின்றன. சாமானியன் சிற்பத்தோடு வைத்திருந்த உறவு வேறு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

தனாவுலி 1937இல் டெஹ்ரானில் பிறந்தார். அங்கு சிற்பம் பயின்று, பின்னர் இத்தாலிக்குச் சென்றார். முதலில் சலவைக்கல்லுக்குப் பேர்போன கராரா. அடுத்து மிலான் நகரின் பிரேரா கலைக்கழகம். அங்கே அவருடைய ஆசான் மரீனோ மரீனி. குதிரையும் குதிரைவீரனுமாக வாழ்நாளெல்லாம் செய்துகொண்டிருந்த பெரும் சிற்பி அவர். 1959இல் படிப்பை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய இளைஞனுக்கு முன்னால் இருந்த சிக்கல் தொழில்நுட்பம் சார்ந்ததல்ல. மரீனியின் குதிரைக்குப் பின்னால் உரோமாபுரி முதல் வந்த ஒரு பரம்பரை இருந்தது. தனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?

அவர் கண்டுபிடித்த விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. நிஸாமியின் 'குஸ்ரூ-ஷீரீன்' காவியத்தில் வருகின்ற பர்ஹாதைத் தன் முன்னோனாக வரித்துக்கொண்டார். பர்ஹாத் கல்தச்சன். ஷீரீன் மீது கொண்ட காதலுக்காக மலையைக் குடைந்தவன். அவள் இறந்துவிட்டாள் என்ற பொய்ச் செய்தியைக் கேட்டு உயிரை விட்டவன். அவன் குடைந்தது பிஸுதூன் மலையைத்தான் என்பது மக்கள் நம்பிக்கை. அந்த மலையில் செதுக்கிச் சமப்படுத்தப்பட்ட பெரும் பாறைமுகமொன்றை 'பர்ஹாத் செதுக்கியது' என்றே இன்றும் அழைக்கிறார்கள். தாரியூஸின் பிரகடனம் இருக்கும் அதே மலை! மன்னன் பெயரெழுதிய மலையைக் காதலன் பெயரால் ஜனங்கள் திருப்பி எழுதிக்கொண்டார்கள் போலும். தனாவுலியின் சிற்பங்களில் திரும்பத் திரும்ப வருகின்ற காதலன், கவிஞன் ஆகிய உருவங்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

பரம்பரை கிடைத்துவிட்டது. உருவத்துக்கு என்ன செய்வது? இங்குதான் சாமானியனின் சிற்பம் வருகிறது.

1961 அளவில் தனாவுலியும் ஓவியர் ஹுஸைன் ஸிந்தரூதியும் ரெய் நகரிலுள்ள ஷா அப்துல் அஸீம் ஸியாரத்துக்குப் போகிறார்கள். வாசலில் யாத்திரிகர்களுக்கு விற்கப்படும் மலிவான அச்சுப் படங்கள். துஆக்களும் எண்களும் கட்டங்களும் நிறைந்த கடதாசிகள். இருவரும் அவற்றை அள்ளிக்கொண்டு வருகிறார்கள். படித்தவர்கள் திரும்பிப் பார்க்க வெட்கப்பட்ட அந்தப் பொருட்களிலிருந்து ஒரு கலை இயக்கம் பிறந்தது. விமர்சகர் கரீம் இமாமி அதற்கு 'ஸக்காகானா' என்று பெயரிட்டார். ஸக்காகானா என்றால் தெருவோரத் தண்ணீர்ப் பந்தல். ஹிஜ்ரி 61இல் கர்பலாவில் ஹுஸைன் (ரலி) அவர்களும் தோழர்களும் தாகித்திருந்ததன் நினைவாக, சுவரில் ஒரு மாடம் அமைத்து, தண்ணீரும் பித்தளைக் கிண்ணமும் வைத்து, முன்னால் உலோகக் கிராதி போட்டிருப்பார்கள். நேர்ச்சை வைப்பவர்கள் அந்தக் கிராதியில் துணி முடிவார்கள், பூட்டுத் தொங்கவிடுவார்கள். பூட்டு எப்போது திறபடுகிறதோ அப்போது காரியம் நிறைவேறும் என்பது நம்பிக்கை.

ஷீஆ வழக்கம் என்று நம்மவர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் காசைத் துணியில் முடிந்து ஸியாரத்தில் கட்டிவிட்டு வந்த உம்மாமார்களின் பிள்ளைகள்தானே நாமும். அந்தத் துணியின் முடிச்சு எனக்குத் தெரிந்த முடிச்சுத்தான்.

தனாவுலியைப் பிடித்து ஆட்டியது அந்தப் பூட்டு. ஆடு, குதிரை, சிங்கம், பறவை எனப் பிராணிகளின் வடிவில் பூட்டுச் செய்யும் கைவினைஞர்கள் ஈரானில் நூற்றாண்டுகளாக இருந்து வந்திருக்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் உலோகச் சிற்பங்கள் அவை. அவற்றைச் சிலை என்று எவரும் சொன்னதில்லை. பள்ளிவாசல் கதவிலும் தொங்கின, பணப்பெட்டியிலும் தொங்கின. ஈரானுக்குச் சிற்ப மரபு இல்லை என்று யார் சொன்னது, அது பூட்டுச் செய்பவனின் பட்டறையில் ஒளிந்திருந்தது என்று அவர் கண்டுகொண்டார். ஆயிரக்கணக்கில் பூட்டுகளைச் சேகரித்தார். 1976இல் ஈரானியப் பூட்டுகளைப் பற்றி ஒரு நூலே எழுதி வெளியிட்டார். அவர் செய்த கவிஞனின் உடம்பில் பூட்டு இருக்கிறது, காதலர்களின் நெஞ்சில் கிராதி இருக்கிறது, கைக்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. மனித உருவத்தை அப்படியே வடிக்காமல் மனிதனைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு மொழி அவருக்குக் கிடைத்துவிட்டது. மார்க்கத்துக்குப் பயந்து செய்த சமாளிப்பு என்று இதைச் சொல்ல நான் தயாரில்லை. பூட்டு அவருக்கு உண்மையாகவே மனிதனைவிடச் சுவாரசியமாக இருந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இடையில் அமெரிக்கா. அபி கிறே என்ற அமெரிக்கப் பெண்மணி டெஹ்ரானில் அவருடைய படைப்பைக் கண்டு வாங்கி, மினியாபொலிஸ் நகருக்கு அழைத்தார்; அங்கே சிற்பம் கற்பித்தார். அவர் சேகரித்தவையே பின்னர் நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் கிறே கலைக்கூடத்துக்கு அடித்தளமாயின. 1964இல் தனாவுலி டெஹ்ரான் திரும்பி, பல்கலைக்கழகத்தில் சிற்பத்துறைக்குப் பொறுப்பேற்று, வெண்கலம் வார்க்கும் பட்டறையொன்றை அமைத்தார்.

1965இல் டெஹ்ரானில் அவர் நடத்திய கண்காட்சி பெரும் எரிச்சலைக் கிளப்பிற்று. மலசலகூடத்தில் பாவிக்கும் கெண்டியைக் கொண்டுவந்து கலை என்று வைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? கண்காட்சி இடைநடுவே மூடப்பட்டது. அந்தக் காலத்தில்தான் 'ஹீச்' பிறந்தது. பாரசீகத்தில் ஹீச் என்றால் 'ஒன்றுமில்லை'. அப்போது ஈரானிய ஓவியர்கள் எல்லோரும் எழுத்தணியில் இறங்கி, வரிவரியாக எழுத்தை அள்ளிப் பூசிக்கொண்டிருந்தார்கள். தனாவுலி சலித்துப்போய், இனி ஒரே ஒரு சொல், அதுவும் 'ஒன்றுமில்லை' என்ற சொல் போதும் என்று தீர்மானித்தார். நஸ்தலீக் எழுத்தில் அதன் முதலெழுத்தான 'ஹே'க்கு இரண்டு கண். அது ஒரு தலை போல இருக்கும். அடுத்து வளைந்து இறங்கும் உடல். அந்தச் சொல் வெண்கலத்தில் எழுந்து நின்றது, கதிரையில் அமர்ந்தது, இன்னொரு ஹீச்சைக் கட்டிப்பிடித்தது. பிற்காலத்தில் குவாந்தனாமோ கைதிகளை நினைத்துச் செய்தபோது கூண்டுக்குள்ளும் அடைபட்டது. அந்த 'கூண்டுக்குள் ஹீச்' பிரித்தானிய நூதனசாலையின் சேகரிப்பில் இருக்கிறது. தன்னுடைய 'ஒன்றுமில்லை' விரக்தியின் வெளிப்பாடல்ல என்று அவர் பல தடவை கூறியிருக்கிறார்.

இனி அந்தச் சுவருக்கு வருகிறேன். 1971 ஒக்டோபரில் ஈரானிய மன்னர் பெர்சிபோலிஸ் இடிபாடுகளுக்கருகே கூடாரங்கள் அடித்து, உலகத் தலைவர்களை அழைத்து, பாரசீகப் பேரரசின் 2,500ஆவது ஆண்டு விழாவைக் கொண்டாடினார். அந்த ஆடம்பரம் அவரது ஆட்சியின் மீது மக்களுக்கிருந்த கசப்பை வளர்த்தது என்பது வரலாறு. நான்காண்டுகள் கழித்து, தனாவுலி 'ஓ பெர்சிபோலிஸ்' என்று விளித்து ஒரு சுவர் வார்க்கிறார். அதில் தாரியூஸ் இல்லை, காணிக்கை கொண்டு வருபவர்கள் இல்லை, சிங்கம் காளையைக் கடிக்கும் காட்சி இல்லை. ஆப்பெழுத்துப் போன்ற, ஆனால் ஆப்பெழுத்தல்லாத குறிகள் மட்டுமே. சிலவற்றில் பூட்டின் சாயல், சிலவற்றில் திறப்பின் சாயல். பிரகடனத்தின் தோற்றம் இருக்கிறது, பிரகடனம் இல்லை. அரசவையின் ஆதரவையும் பெற்றிருந்த கலைஞர் அவர். மகாராணி பறாஹ் கலைஞர்களின் புரவலராக விளங்கிய காலம் அது. ஆகவே இதை எதிர்ப்புக் கலை என்று முத்திரை குத்துவது பொய்யாகிவிடும். எனினும் மன்னர்கள் எல்லோரும் தம் பெயரைப் பாறையில் எழுதுவித்த ஒரு நாட்டில், எவருடைய பெயரும் இல்லாமல் ஒரு சுவர் நிறைய எழுதுவதற்குத் துணிவு வேண்டும்.

சுவர் வரிசைக்கு அவர் பின்னரும் திரும்பினார். பிற்காலப் புடைப்புச் சிற்பங்கள் சில, இலக்கமிடப்பட்ட குறைந்த பிரதிகளாக வார்க்கப்பட்டிருக்கின்றன. ஹீச்களும் அப்படியே. இந்தப் 'பிரதி' விடயம் நமக்குப் பழக்கமில்லாதது என்பதால் சற்று விளக்க வேண்டும். கொழும்பு நூதனசாலையில் உள்ள பொலன்னறுவை வெண்கலச் சிலைகளைப் போன்றவற்றில், மெழுகில் உருவத்தைக் கையால் செய்து, மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மெழுகு போனால் போனதுதான். மண்ணை உடைத்துச் சிலையை எடுத்தால் அச்சும் இல்லை. ஒன்றே ஒன்றுதான். புதிய முறையில், சிற்பி செய்த மூல உருவிலிருந்து முதலில் ஓர் அச்சு எடுக்கப்படுகிறது. அந்த அச்சிலிருந்து வேண்டிய எண்ணிக்கையில் மெழுகுப் பிரதிகள் எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே வார்க்கலாம். செம்பும் வெள்ளீயமும் கலந்த உருகல் ஆயிரம் பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஊற்றப்படும். ஆறிய பின்னர் ராவி, தேய்த்து, அமிலம் பூசி நிறமேற்றி முடித்ததும் ஓரத்தில் இலக்கம் பொறிப்பார்கள். 3/6 என்றால் ஆறில் மூன்றாவது. பிரான்சில் எட்டு இலக்கப் பிரதிகளும் கலைஞனுக்கென நான்கும், ஆக மொத்தம் பன்னிரண்டுக்கு மேல் வார்த்தால் அது மூலப் படைப்பாகக் கருதப்படாது.

ஆறோடு நிறுத்துவதற்கு உலோகத்தில் எந்தக் காரணமும் கிடையாது. அச்சு தாங்குமட்டும் வார்க்கலாம். நிறுத்துவது சந்தைக்காகவும், கலைஞனின் வாக்குறுதிக்காகவும். இதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அவர் யாரிடமிருந்து கற்றாரோ அந்தப் பூட்டுத் தச்சன் தன் பூட்டில் இலக்கம் போடவில்லை. எத்தனை பேருக்குத் தேவையோ அத்தனை செய்தான். ஏழையும் வாங்கி நேர்ச்சைக்குத் தொங்கவிட்டான். அந்தப் பூட்டு வெண்கலச் சுவரில் ஏறி, துபாயில் சுத்தியலடியில் லட்சக்கணக்கான டொலருக்குப் போனபோது அதைச் செய்தவனின் தெருவிலிருந்து வெகுதூரம் போய்விட்டது. இதற்காகத் தனாவுலியைக் குற்றம் சொல்ல வரவில்லை. வெண்கலமும் விறகும் கூலியும் யாரோ கொடுத்துத்தானே ஆகவேண்டும்.

1979 புரட்சியோடு பல்கலைக்கழகப் பணி முடிந்தது. மன்னர் சிலைகளைக் கயிறு கட்டி இழுத்து விழுத்திய நாட்கள் அவை. சிற்பம் செய்ய உகந்த காலமல்ல. அவர் பூட்டு, கம்பளம், நாடோடி மக்களின் நெசவு என்று சேகரித்தார், எழுதினார். கம்பளங்களில் வரும் சிங்கங்களைப் பற்றிய நூல் 1985இல் வந்தது. 1989இல் கனடாவின் வன்கூவருக்குக் குடிபெயர்ந்தார். டெஹ்ரானுக்குப் போவதையும் வருவதையும் நிறுத்தவில்லை. 2003இல் டெஹ்ரான் நவீன கலை நூதனசாலை அவரது வாழ்நாள் படைப்புகளைக் காட்சிக்கு வைத்துக் கௌரவித்தது. அவருடைய டெஹ்ரான் இல்லமும் நூதனசாலையாக்கப்பட்டு, ஆட்சி மாறியதும் மூடப்பட்டது. அதையொட்டிய வழக்கும் இழுபறியும் பல வருடங்கள் நீண்டன. 2016 ஜூலையில் பிரித்தானிய நூதனசாலையில் உரையாற்றப் புறப்பட்டவரை டெஹ்ரான் விமான நிலையத்தில் மறித்துக் கடவுச்சீட்டைப் பறித்தார்கள். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்பது. பின்னர் கடவுச்சீட்டு திருப்பிக் கொடுக்கப்பட்டது. 2023இல் வன்கூவர் கலைக்கூடம் அவருக்காகப் பெரிய கண்காட்சியொன்றை நடத்தியது. 'கவிஞர்கள், பூட்டுகள், கூண்டுகள்' என்பது அதன் தலைப்பு.

இவ்வளவையும் நான் அறிந்துகொள்ள வருடங்கள் எடுத்தன. அறிந்தவற்றில் முதற் பகுதியைப் பெரியவாப்பாவிடம் சொல்லக் கிடைத்தது. ஒருநாள் அஸருக்குப் பிறகு, அந்தச் சுவரில் எதுவுமே எழுதப்படவில்லை, எழுத்துப் போன்ற தோற்றம் மட்டும்தான் என்று சொன்னேன். ஏமாற்றுவேலை என்று கோபிப்பார் என எதிர்பார்த்தேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "நம்மட பிள்ளையள் முப்பது ஜுஸ்வும் ஓதி முடிக்கிதுகள். எத்தின பேருக்கு மானா தெரியும்? தெரியாட்டியும் கையில எடுக்கக்குள்ள வுளூவோடதானே எடுக்கிதுகள்" என்றார். பிறகு, "ஆனா, அங்க மானா இரிக்கி. தேடினாக் கிடைக்கும். இவன்ட சுவரில தேடினாலும் கிடைக்காதே" என்று தானே தன்னை மறித்துக்கொண்டார். "அதுக்குத்தான் அவன் ஒண்டுமில்லை எண்டு முன்னமே சொல்லிட்டான், பெரியவாப்பா" என்று ஹீச்சைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. பெரியவாப்பா மௌத்தாகிப் பல வருடங்களாகிவிட்டன.

அந்த விபரக்கொத்து இன்னும் வீட்டில் இருக்கிறது. என் மேசைக்குக் கீழே பழைய சஞ்சிகைகளோடு சேர்த்துத்தான் நான் வைத்திருந்தேன். ஒருநாள் தேடியபோது காணவில்லை. உம்மாவிடம் கேட்டேன். எழுத்துப் படம் போட்ட புத்தகத்தைக் கால்மாட்டில் வைக்கலாமா என்று கேட்டுவிட்டு, அலுமாரிக்கு மேலே, யாஸீன் கிதாபுகள் வைத்திருக்கும் தட்டைக் காட்டினார். அங்கேதான் இருந்தது, தூசி படாமல் ஒரு துணியில் சுற்றி.